'தற்காலிகம்' என்று எழுதிய வரி

செர்னகலோவ்கா
12 ஜனவரி 1997

சேன்யா,

இதை மின்னஞ்சலில் எழுத முடியாது. லேப் முழுவதற்கும் ஒரே அஞ்சல்பெட்டிதான்; காலையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து வதீம் ல்வோவிச் எல்லாருக்கும் வந்ததைச் சத்தம்போட்டுப் படிக்கிறார். போன வாரம் நீ "முத்தங்கள்" என்று முடித்திருந்தாய். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "இது லேப் தலைவருக்கா, இல்ல பொண்டாட்டிக்கு மட்டுமா?" என்று கேட்டார். அதனால் உன் லேப் ஸ்தெபான் இங்கே அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு அங்கே திரும்பும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

புது இயந்திரம் வந்துவிட்டது. பென்டியம். நினைவகம் நம் பழைய பெட்டியைவிட நான்கு மடங்கு. தரை துடைக்க வந்த கிளாவா அத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "பழசு மூணு நாளைக்குப் பிரசவக்காரி மாதிரி முனகும். இது மூச்சே விடலையே, வேலை செய்யுதா தூங்குதா?" அணைக்காதீர்கள், கணக்கு ஓடுகிறது என்ற பழைய அட்டையை எடுத்து அவளே இதன் தலையிலும் ஒட்டிவிட்டாள்.

புது இயந்திரத்தில் முதலில் எதை ஓட்டுவது? எல்லாரும் நம் கூண்டைத்தான் ஓட்டச் சொன்னார்கள். போரானும் நைட்ரஜனும் மாறி மாறி நிற்கும் அந்த மூலக்கூறு. நம் பெயரை நாலு பேருக்குத் தெரியவைத்தது. நானும் பெருமையோடுதான் ஆரம்பித்தேன். இத்தனை நினைவகம் இருக்கும்போது எதையும் சுருக்க வேண்டியதில்லையே என்று நிரலில் ஏற்கெனவே இருந்த அளவுகளை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். நாற்பத்தொரு மணி நேரம். அதிர்வெண்களில் ஒன்று எதிர்க்குறியோடு வந்தது.

மூன்று முறை ஓட்டிவிட்டேன். பள்ளத்தின் அடியில் பத்திரமாக உட்கார்ந்திருப்பதாக நாம் அச்சில் சொன்ன மூலக்கூறு ஒரு மேட்டின் முதுகில் நிற்கிறது, சேன்யா. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உடைந்துபோகும். அதை ஒரு குடுவையில் யாரும் ஒருபோதும் பிடிக்க முடியாது.

பிறகு நம் நிரல் ரியபீனாவைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். நிரலில் யார் எதை மாற்றினாலும் பக்கத்தில் பெயரெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்பது நீ வைத்த சட்டம். இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகளுக்கு அப்புறம் அது இருந்தது: "உ.க., 18.08.95, தற்காலிகம்."

நினைவிருக்கிறதா? நீ கிளம்ப நான்கு நாள்தான் இருந்தது. கணக்கு முடிய இன்னும் ஆறு நாள் ஆகும் என்று பெட்டி சொன்னது. நீ அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய், மடியில் பயணப் பையை வைத்துக்கொண்டு. சிறிய எண்களை எந்த அளவுக்குக் கீழே போனால் விட்டுவிடலாம் என்ற எல்லையை நான் தளர்த்திவிட்டேன். பெட்டி மறுநாளே முடித்துவிட்டது. உன்னிடம் பொய் சொன்னேன், பக்கத்து லேபின் இயந்திரத்தையும் சேர்த்து ஓட்டியதாக. ஞாயிறு காலை பேருந்து ஏறி ஏரிக்குப் போனோம். கல்யாணமானபின் நமக்கென்று கிடைத்த ஒரே முழு நாள் அது.

நீ போனதும் பழைய அளவுக்கு மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். நீ போன பிறகு எதையும் நினைக்கவில்லை.

அந்த வரியோடுதான் ரியபீனா அறுபத்து நான்கு இடங்களுக்குப் போயிருக்கிறது. தாஷ்கண்டில் ஒரு பெண், முவத்தர் என்று பெயர், நம் கட்டுரையைப் படித்துவிட்டு அந்தக் கூண்டைச் செய்ய முயன்றுகொண்டிருக்கிறாள். அவளுடைய ஆய்வுப் பட்டமே அதுதான். நம் கட்டுரை தவறு என்று மறுப்பு எழுத வேண்டும். இருவர் கையெழுத்தும் வேண்டும். நான் என்ன வார்த்தை வேண்டுமானாலும் போடுகிறேன். தவறு என்னுடையது என்றே எழுது.

உன் உல்யா

கோட்டிங்கன்
9 பிப்ரவரி 1997

உல்யா, என் மனசாட்சித் துறை அமைச்சரே,

முதலில் மூச்சு விடு. யாரும் சாகவில்லை. ஒரு மூலக்கூறு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அது நிற்கும் ஆற்றல் பரப்பே சப்பட்டையான பரப்பு. பெரிய அளவில் கணக்கிட்டால் மறுபடி பள்ளத்தில் விழலாம். இங்கே பெரிய இயந்திரத்தில் போட்டுப் பார்க்கிறேன். முறை வருவதற்குள் மாதங்கள் ஆகும். எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள், நம் ஊர் ரொட்டிக்கடை மாதிரி.

நிரலை நீ இப்போதே திருத்திவிடு, தாராளமாக. புதுப் பதிப்பு அனுப்பு. ஆனால் "சிறு மேம்பாடுகள்" என்று மட்டும் போடு. காரணம் எழுதாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். நவம்பரில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள். இந்தமுறை ஐந்து வருஷம், குடும்பத்தோடு. இங்குள்ள லேப் தலைவர் கிழவருக்கு என்னைப் பிடிப்பதே அந்தக் கட்டுரையால்தான். யார் வந்தாலும், "இவருதான் சாதாரண வீட்டு கம்ப்யூட்டர்ல அதைச் செஞ்சவரு" என்று சர்க்கஸ் கரடியைப் போல் அறிமுகம் செய்கிறார். நவம்பரில் கையெழுத்து, டிசம்பரில் நீ இங்கே. ஜனவரியில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மறுப்பை எழுதுவோம். பத்து மாதம். நாம் பிரிந்திருந்ததைவிடக் குறைவு.

உன் வரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். யார் மேலும் எனக்குக் கோபமில்லை.

தாஷ்கண்ட்காரி கெட்டிக்காரியாக இருந்தால் அதற்குள் தானே கண்டுபிடித்துவிடுவாள்.

இத்தோடு அனுப்பும் காபிப் பொட்டலத்தை வதீம் ல்வோவிச்சுக்குக் காட்டாதே.

அர்சேனி

செர்னகலோவ்கா
25 மே 1997

சேன்யா,

நீ சொன்னபடியே செய்தேன். அறுபத்து நான்கு ஃபிளாப்பிகள், அறுபத்து நான்கு உறைகள், ஒவ்வொன்றிலும் "சிறு மேம்பாடுகள்". நன்றி சொல்லி ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்களை வழக்கம்போல் சுவரில் குத்தவில்லை. மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

முவத்தர் வந்திருந்தாள். மாஸ்கோவில் ஏதோ கூட்டம். அது முடிந்ததும் நம்மைப் பார்க்கவென்றே பேருந்தேறி வந்துவிட்டாள். விடுதியில் இடமில்லை என்பதால் மூன்று நாள் என் அறையில் தங்கினாள். வட்ட ரொட்டி நான்கும் ஒரு பை உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் கொண்டுவந்திருந்தாள். ரொட்டியின் மேல் குத்திய பூவேலையைப் பார்த்து கிளாவா அத்தை, "இதைத் திங்கிறதா, சுவத்துல மாட்டுறதா?" என்றாள். "முதல்ல தின்னுங்க அத்தை, மீதியிருந்தா மாட்டலாம்" என்றாள் முவத்தர். இருபத்தைந்து வயது. எதற்கும் சிரிக்கிறாள். கை முழுவதும் சின்னச் சின்னக் காயத் தழும்புகள்.

மூன்று தடித்த குறிப்பேடுகளைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தாள்.

"நாலு வழியில செஞ்சு பார்த்துட்டேன் அக்கா. கடைசிப் படி வரைக்கும் ஒழுங்கா வருது. அங்க வந்ததும் பழுப்பா ஒரு பிசின். எப்பவும் அதே பிசின்."

"ஒருவேளை..." என்றேன்.

"எங்க சாரு சொல்றாரு, கணக்கு இருக்குன்னு சொல்லுதுல்ல, அப்ப உன் கைதான் சரியில்ல, போய்ப் பாத்திரத்தைக் கழுவுன்னு. கழுவிக் கழுவி கை இப்படி ஆயிடுச்சு."

புதுப் பதிப்பை ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்டேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"அதுல சிறு மேம்பாடுதான்னு போட்டிருந்தீங்களே. எங்க பெட்டியில அந்தக் கூண்டு ஓட ரெண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள மின்சாரம் ஏழு தடவை போகும். அச்சுல வந்ததை எதுக்குத் திரும்ப ஓட்டணும்?"

"வேற மூலக்கூறு எடுத்துக்கலாமே, முவத்தர். இது இல்லாட்டி இன்னொண்ணு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. குறிப்பேட்டை மெல்ல மூடினாள். "என்னால முடியாதுன்னு நினைக்கிறீங்களா அக்கா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. உன் நவம்பர் குறுக்கே நின்றது. "அப்படியில்ல" என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் வரை நான் தாங்குவேனா என்று தெரியவில்லை. பெரிய இயந்திரத்தில் உன் முறை வந்ததா? என்ன வந்தது?

உல்யா

கோட்டிங்கன்
22 ஜூன் 1997

உல்யா,

இன்னும் முறை வரவில்லை. அதைப் பற்றி ஸ்தெபானிடம் எதுவும் பேசாதே. அவன் வாய் ஓட்டை.

வீடு பார்த்துவிட்டேன். மூன்றாவது மாடி, சமையலறையில் இருவர் உட்காரலாம். கீழ்வீட்டுக் கிழவி நான் காலணியோடு மாடியேறுவதை எண்ணிக்கொண்டிருக்கிறாள். உனக்கு அவளைப் பிடிக்கும். உன்னைப் போலவே எதையும் மறக்கமாட்டாள்.

நீ ஏன் அந்தப் பெண்ணைத் தங்கவைத்தாய்? நான் கல்நெஞ்சன் இல்லை. ஆனால் முகத்தைப் பார்த்துவிட்டால் நமக்கு எல்லாம் கஷ்டமாகிவிடும். இன்னும் ஐந்து மாதம். தயவுசெய்து.

உன்னை நினைக்காத நாள் இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நினைக்காத நாள் ஒன்றிரண்டு உண்டு. அந்த நாட்களில் ஜலதோஷம் பிடித்துக்கொள்கிறது.

அ.

செர்னகலோவ்கா
21 செப்டம்பர் 1997

அர்சேனி,

முவத்தரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. நாம் அனுப்பிய ஃபிளாப்பிகளும் ஒரு கடிதமும். அப்படியே எழுதுகிறேன்:

"உல்யானா அக்காவுக்கு. ரியபீனாவைத் திருப்பி அனுப்புகிறேன், வேறு யாருக்காவது பயன்படட்டும். வேதியியலுக்கு வேண்டிய கை எனக்கில்லை என்று எங்கள் சார் துறைக் கூட்டத்தில் சொன்னார். மூன்று குறிப்பேடுகளைக் காட்டி அதற்கு எதிராகப் பேச எனக்கு எதுவும் இல்லை. ஒப்புக்கொண்டு, விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நமன்கான் பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. நீங்கள் மே மாதமே நாசூக்காகச் சொன்னீர்கள், எனக்குத்தான் உறைக்கவில்லை. கோபமில்லை. உங்கள் நிரல் மிக நல்ல நிரல்."

இதை வாசித்த மறுநாள் ஸ்தெபான் வந்தான், உன் புகைப்படங்களோடு. தேநீர் கொடுத்தேன். சுவரில் ஒட்டியிருந்த கூண்டின் படத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"இந்த ராட்சசியா! இதுக்காக என் முறையையே புடுங்கிக்கிட்டான் உன் வீட்டுக்காரன்."

"எப்போ?"

"வந்த புதுசுல. தொண்ணூத்தஞ்சு நவம்பர். பெரிய இயந்திரத்துல ரெண்டு வாரம் என்னோடது. காலைப் புடிக்காத குறையா கேட்டு வாங்கிக்கிட்டான். கட்டுரை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்க்கணுமாம்."

"என்ன வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டு நாள் சாப்பிடாம திரிஞ்சான். என்னடான்னு கேட்டா, ஊர் ஞாபகம்னான். ஏன், உங்கிட்ட சொல்லலையா?"

சொன்னான், எனக்குத்தான் மறந்துவிட்டது என்றேன். அவனுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினேன்.

முறை இன்னும் வரவில்லை என்று பிப்ரவரியில் எழுதினாய். ஜூனிலும் எழுதினாய். முவத்தர் அந்தக் கூண்டைத் தொட்டது தொண்ணூற்றாறு வசந்தத்தில், நம் கட்டுரை அச்சில் வந்த பிறகு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேடிக்கைப் பேச்சு வேண்டாம். தொண்ணூற்றைந்து நவம்பரில் உனக்குத் தெரியுமா?

உல்யானா

கோட்டிங்கன்
8 அக்டோபர் 1997

உல்யா,

தெரியும்.

பன்னிரண்டாம் நாள் காலை காகிதம் வெளியே வந்தது. எதிர்க்குறியைப் பார்த்ததும் இயந்திரத்தைத்தான் சந்தேகித்தேன். பிறகு நான் கொண்டுவந்திருந்த நிரலை அச்செடுத்து, சமையலறைத் தரையில் பரப்பிப் படித்தேன். நீ கண்டுபிடித்த அதே வரி. முதலில் உன் பெயரெழுத்தைப் பார்த்தேன், கத்தினேன். வாயில் வந்த எல்லாக் கெட்ட வார்த்தையும். பிறகு தேதியைப் பார்த்தேன்.

பதினெட்டு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஏரியில் இருந்தோம். நீ தண்ணீரில் முழங்கால்வரை நின்றுகொண்டு, "இன்னிக்கு யாரும் நம்மளைக் கூப்பிட மாட்டாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. தரையில் உட்கார்ந்து கொண்டிருந்தபோது புரிந்தது.

உனக்கு எழுத ஆரம்பித்தேன், நான்கு முறை. எழுதினால் நீ அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்கும்போதெல்லாம் தவறு ஒன்றையே நினைப்பாய். அதை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள மனம் வரவில்லை. இது உண்மை. ஆனால் இது பாதிதான்.

மீதிப் பாதி இது. அச்சகத்திலிருந்து நம் கட்டுரையின் திருத்தப்படி வந்து மேசையில் கிடந்தது. ஒரு வரி எழுதி நிறுத்தியிருக்கலாம். கிழவர் என்னை அப்போதுதான் முதல்முறை பெயர்சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். இங்கே அதுவரை நான் "அந்த ரஷ்யன்". படியை மடித்து அனுப்பிவிட்டேன். உனக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷமாகப் பிரித்துப் பார்க்க முயல்கிறேன், எது உனக்காக, எது எனக்காக என்று. முடியவில்லை.

ஜனவரியில் உன் கடிதம் வந்தபோது எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். நீ அத்தனை நேர்மையாக எழுதியிருந்தாய். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் அமைச்சரே என்று கிண்டல் செய்தேன்.

கெட்டிக்காரியாக இருந்தால் கண்டுபிடிப்பாள் என்று அந்தப் பெண்ணைப் பற்றி எழுதினேனே. அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள எதையும் கொடுப்பேன்.

இத்துடன் கையெழுத்திட்ட வெற்றுத்தாள். மேலே என்ன வேண்டுமானாலும் எழுது. நேற்று கிழவரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "உட்காருங்கள்" என்று பழையபடி மரியாதையாகச் சொன்னார், பெயர் சொல்லவில்லை. ஒப்பந்தம் இல்லை. மார்ச்வரை இருக்கலாம்.

ஆனாலும் வா. ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன, இரண்டு பேரும் சேர்ந்து வேறெங்காவது தேடுவோம். அல்லது நான் வருகிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

சேன்யா

செர்னகலோவ்கா
2 நவம்பர் 1997

சேன்யா,

மறுப்பை அனுப்பிவிட்டேன். உன் கையெழுத்துக்கு மேலே நான் எழுதியது பதினோரு வரி. நிரலில் இருந்த தவறு உ.க. செய்தது; தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தது இருவரும் செய்தது. வேறு விளக்கம் எழுதவில்லை. அறுபத்து நான்கு பேருக்கும் அதன் நகல் போய்விட்டது. வதீம் ல்வோவிச் இந்தமுறை சத்தம்போட்டுப் படிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

உன்மேல் கோபமிருந்தால் வந்திருப்பேன். கோபம் ஆறிவிடும். அன்று நீ, "உல்யா, என்ன காரியம் பண்ணியிருக்கே" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் ஒரு நாள் அழுதிருப்பேன். மறுநாள் இருவரும் சேர்ந்து திருத்தியிருப்போம். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என்னைத் தவிர்த்தே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாய். பிறகு நானும் அதையே இன்னொருத்திக்குச் செய்தேன். உன்னைத் திட்ட எனக்கு ஒரு சொல்கூட மிச்சமில்லை. உன்னோடு ஒரு மேசையில் உட்காரவும் முடியவில்லை. நான் வரவில்லை. நீயும் வராதே. மணவிலக்குக் காகிதங்களை ஸ்தெபானிடம் கொடுத்தனுப்புகிறேன், உன் கையெழுத்துக்கு.

நேற்று தந்தி அலுவலகம் போய் நமன்கான் பேருந்து நிலையத்துக்கு அழைப்புப் பதிந்தேன். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு நான்காவது தொலைபேசிக் கூண்டுக்குப் போகச் சொன்னார்கள். மறுமுனையில் ஒலிபெருக்கிச் சத்தம், வண்டி இரைச்சல், அதற்கிடையில் அவள்.

"அக்கா! நிசமா நீங்கதானா?"

எல்லாவற்றையும் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு போனதைப் படித்தேன் என்றே வைத்துக்கொள். உன் கை தப்பில்லை, முவத்தர், அப்படி ஒரு பொருளே இல்லை, யாராலும் செய்ய முடியாது என்றேன். உங்க சாருக்கும் எழுதிட்டேன் என்றேன்.



"ரெண்டாவது நோட்டுல நான் எழுதியிருந்தேன் அக்கா. இப்படி ஒண்ணு இருக்கவே முடியாதுன்னு. அப்புறம் நான் யாரு அதைச் சொல்றதுக்குன்னு அடிச்சுட்டேன்."

"திரும்பிப் போ. அவரு கூப்பிடுவாரு."

"கூப்பிட மாட்டாரு. கூப்பிட்டாலும், என் கையை நானே இனிமே நம்பணும்ல." பிறகு கேட்டாள்: "உங்களுக்கு எப்ப தெரியும் அக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் யார் கண்டார்கள்?

"ஜனவரியில."

"நான் மே மாசம்ல வந்தேன்?"

"ஆமா."

"கட்டிலை எனக்குக் கொடுத்துட்டு நீங்க கீழ படுத்தீங்க. நான் தூங்கிட்டேன்னு நினைச்சு அழுதீங்க. வீட்டுக்காரரு தூரத்துல இருக்காரேன்னு அழறாங்கன்னு நினைச்சேன். பாவம்னு, நானும் சத்தமில்லாம அழுதேன்."

அங்கே யாரோ அவளுடைய சீட்டு ஜன்னல் கண்ணாடியில் தட்டினார்கள்.

"வரிசையில ஆளு நிக்குது அக்கா. அந்திஜான் வண்டி கிளம்பப் போகுது," என்றாள் முவத்தர். வைத்துவிட்டாள்.

உல்யானா